வாசலில நிக்கிற பூவின்ர பேர்

ஏப்ரல் மாதம் பிறந்திட்டுதெண்டால் எங்கட சனத்தின்ர முகநூல் முழுக்கப் பூவாத்தான் இருக்கும். ஒல்லாந்தில கொய்கன்கோவ் தோட்டத்துத் துலிப் பூக்களுக்கு நடுவில குடும்பமாய் நிண்டு ஒரு படம். பாரிசுக்குத் தெற்கால இருக்கிற சோ பூங்காவில, செரி மரத்துக்குக் கீழ சீலை கட்டிக்கொண்டு ஒரு படம். ஆனிக் கடைசி, ஆடி மாதம் எண்டால் வலன்சோல் பக்கத்து லவண்டர் வயலுக்குள்ள வெள்ளைச் சட்டையோட ஒரு படம். பெற்றோல் காசு, றோட்டுக் காசு, இடையில பிள்ளையளுக்கு மக்டொனால்ட்ஸ் எல்லாம் கூட்டிப் பாத்தால் ஒரு பூவுக்கு எவ்வளவு விழுந்திருக்கும் எண்டு எனக்குள்ள ஒரு கணக்கு ஓடும்.

பகிடிக்குச் சொல்லுறன். அதுகளைக் குறை சொல்ல நான் வரேல்லை. வருசம் முழுக்க முறிஞ்ச சனம் ஒருநாள் வெளிய போய்ச் சந்தோசமாய் நிண்டு படம் எடுத்தால் அதில என்ன பிழை? என்ர கேள்வி வேற. அந்தப் படத்தை எடுத்த அதே ஆள் அடுத்த நாள் காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க, தன்ர கட்டிடத்து வாசல்படிக்குப் பக்கத்தில, சீமெந்து வெடிச்ச இடத்தில பூத்திருக்கிற ஒரு சின்ன நீலப்பூவைத் தாண்டித்தான் போறார். பத்து வருசமாய்த் தாண்டுறார். அதின்ர பேர் என்னண்டு கேட்டால், "உது புல்லுத்தானே" எண்டுவார்.

அந்த "உது புல்லுத்தானே" பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் தாவரவியல் நிபுணர் ஒண்டுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞான பீடத்தில இரண்டாம் வருசம் வரைக்கும் படிச்சனான். இலையைக் கடதாசிக்குள்ள வைச்சு அமத்திக் காயவிடுறதும், பூவைப் பிளேட்டால பிளந்து உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கீறுறதும் பழகின காலம். 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டினதோட என்ர படிப்பும் பூட்டுப்பட்டுது. 2007 கடைசியில பாரிசுக்கு வந்து, எல்லாரையும் போலக் குசினியில கோப்பை கழுவத் தொடங்கி, இப்ப ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறண்டில சலாட்டும் குளிர்ச் சாப்பாடும் செய்யிற மேசையில நிக்கிறன். வீடு ஓபெர்வில்லியேயில. வேலைக்குப் போறது சென் டெனி கால்வாய்க் கரையால. எனக்குத் தெரிஞ்ச பூக்கள் எல்லாம் அந்தப் பாதையில நிக்கிறதுகள்தான்.

ரெஸ்ரோறண்டில வேலை செய்யிற ஆக்களுக்குக் "கூப்பூர்" எண்டால் என்னண்டு விளங்கும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு இராச் சாப்பாட்டுக்கு இடையில மூண்டு மணித்தியாலம். சம்பளம் இல்லாத நேரம். வீட்டை போய்ப் படுத்தெழும்பி வரக் காணாது. சும்மா இருக்கவும் கூடிப்போச்சு. எங்கட பெடியள் அந்த நேரத்தில போன் கதைப்பினம், குதிரைக்குக் காசு கட்டுவினம், கதிரையில சாய்ஞ்சு நித்திரை கொள்ளுவினம், சிலபேர் ஒரு பியரோட இருப்பினம். நான் கால்வாய்க் கரையில முழங்காலில நிண்டு போனால பூவைப் படம் எடுக்கிறன். "அண்ணைக்குக் கழண்டு போச்சு" எண்டு குசினியில ஒரு கதை இருக்கு. இருக்கட்டும்.

ஏன் இதைச் செய்யிறன் எண்டதுக்கு முதல், அங்க என்ன நிக்குதெண்டு கொஞ்சம் சொல்லுறன்.

ஆடி, ஆவணியில கால்வாய்க் கரையில மெல்லிய நீலத்தில ஒரு பூ பூக்கும். தண்டு வறண்டு, முறுகி, கம்பி மாதிரி நிக்கும். இலையும் பெரிசா இராது. ஆனால் பூ வானத்தின்ர நிறம். காலமை பத்து மணிக்குப் போகேக்க கரை முழுக்க நீலம். அதே வழியில மத்தியானம் தாண்டித் திரும்பினால் ஒண்டையும் காணேலாது. வெய்யில் நாளில மத்தியானத்தோட அந்தப் பூ மூடிப்போடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அடுத்த நாள் வேற பூ. அதின்ர பேர் சிக்கோறே. எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச பேரில சொன்னால் சிக்கரி. கோப்பித்தூளில கலக்கிற சிக்கரி இதின்ர வேரை வறுத்து அரைச்சதுதான். இன்னும் இருக்கு. ரெஸ்ரோறண்டில நான் நாள்தோறும் பெட்டி பெட்டியாய் வெட்டுற ஆந்தீவ் எண்ட வெள்ளைக் கீரையும் இதே இனம்தான். வேரை எடுத்து இருட்டுக்குள்ள வைச்சு முளைக்கவிட, வெளிச்சம் படாமல் வெள்ளையாய்க் குவிஞ்சு வாறது அது. கத்திக்குக் கீழ கிடக்கிறதும் கரையில நீலமாய் நிக்கிறதும் ஒரே செடி எண்டு தெரிஞ்ச நாளில இருந்து, எனக்கு ஆந்தீவ் வெட்டுற வேலை கொஞ்சம் அலுப்புக் குறைஞ்சிருக்கு. இது சின்னக் காரியம் இல்லை. ஆந்தீவ் வெட்டினவைக்குத் தெரியும்.

கால்வாய்ச் சுவரின்ர கல்லிடுக்குகளில ஒரு கொடி தொங்கும். நகம் அளவு ஊதாப்பூ, நடுவில இரண்டு மஞ்சள் பொட்டு. பிரெஞ்சுக்காரர் அதுக்கு "ரோமாபுரியின் இடிபாடு" எண்டு ஒரு பேர் வைச்சிருக்கினம். பழஞ்சுவரெல்லாம் அதுக்கு வீடு. அந்தப் பூ செய்யிற வேலையைப் பாருங்கோ. பூவாய் இருக்கேக்க காம்பு வெளிச்சப் பக்கம் நீட்டிக்கொண்டு நிக்கும், தேனீ வரவேணுமெல்லோ. கருக்கட்டின உடன அதே காம்பு திரும்பி, இருட்டைத் தேடி வளைஞ்சு, சுவரின்ர வெடிப்புக்குள்ள காயைக் கொண்டுபோய்ச் செருகும். தன்ர விதையைத் தானே சுவருக்குள்ள நடுற செடி. இதுக்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கால்வாய்த் தண்ணிக்கதவடியில ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை படம் எடுத்தால் காம்பு திரும்பினதைக் காணலாம். நான் கண்டனான்.

பங்குனியிலயே வந்திடுறது பிசான்லி. மஞ்சள் வட்டம், பிறகு ஊதினால் பறக்கிற பஞ்சு. அதை ஒரு பூ எண்டு நினைச்சிருப்பியள். கிட்டப் பிடிச்சுப் படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பாத்தால், ஒவ்வொரு மஞ்சள் இதழும் தனித்தனிப் பூ. ஒரு தலையில நூறுக்கு மேல இருக்கும். வெள்ளைக்காரர் இளம் இலையைப் பன்றி இறைச்சித் துண்டோட சலாட் போட்டுச் சாப்பிடுவினம். சலத்தைக் கூட்டும் எண்டதால, "பாயில சலம் போகிறது" எண்ட கருத்தில அதுக்கு அந்தப் பேர். செத்துப்போன ஆளைப் பற்றி, "அவர் இப்ப பிசான்லியை வேரில இருந்து தின்னுறார்" எண்டு இவங்கள் கதைப்பாங்கள். சாவுக்கும் ஒரு களையைத் துணைக்குக் கூப்பிட்ட சனம்.

வைகாசியில கொக்லிக்கோ, அந்தச் சிவத்தப்பூ. மொட்டு உரோமத்தோட தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கும். ஒருநாள் நிமிர்ந்து வெடிக்கேக்க இதழெல்லாம் கசங்கி இருக்கும், பெட்டிக்குள்ள கனகாலம் அடைச்சு வைச்ச பட்டுச்சீலை மாதிரி. வெய்யில் பட அந்தக் கசங்கல் விரியும். ஒரு நாள், இரண்டு நாளில கொட்டுண்டு போகும். கட்டிட வேலைக்கு மண் கிண்டின இடத்தில அடுத்த வருசம் திடீரெண்டு சிவப்பாய் முளைக்கும். விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்காய்க் காத்துக்கிடக்கும், கிண்டுப்பட்டு வெளிச்சம் பட்டால்தான் எழும்பும்.

வாசல்படியில நிக்கிற நீலப்பூ எண்டு சொன்னனே, அது பாரசீக வெறோனிக். நாலு இதழ், கீழ் இதழ் மட்டும் கொஞ்சம் சின்னன், கோடு கோடாய் இருக்கும். தொட்டால் பூ முழுசாய்க் கழண்டு கையில வரும். ஒரு சதக் குத்தியை விடச் சின்னப் பூ. குனிஞ்சாத்தான் தெரியும். அவ்வளவுதான் அது கேக்கிறது.

இப்ப என்ர அம்மாவின்ர கதைக்கு வாறன். ஊரில இருக்கிறா. பின்னேரங்களில வட்ஸ்அப்பில கதைக்கேக்க நான் எடுத்த படங்களை அனுப்புவன். ஒருநாள் மரத்தடியில எடுத்த ஒரு சின்னப்பூவை அனுப்பினன். நடுவில மஞ்சள், சுத்தி அஞ்சு வெள்ளை இதழ், ஒவ்வொரு இதழின்ர நுனியிலயும் மூண்டு பல்லு. அம்மா உடன சொன்னா: "உது எங்கட மூக்குத்திப் பூவெல்லோ தம்பி. உங்கயும் நிக்குதோ?" கிணத்தடியிலயும் வேலிக்கரையிலயும் நிக்கிற, காயத்துக்குக் கசக்கிப் பூசுற அந்தப் பூவைத்தான் சொல்லுறா. நான் தேடிப் பாத்தன். இஞ்ச நிக்கிறது கலின்சோகா, பெரு நாட்டுப் பக்கத்தில இருந்து வந்தது. அம்மா சொல்லுற மூக்குத்திப்பூ திரிடாக்ஸ். இரண்டும் வேற செடி, ஆனால் நெருங்கின சொந்தம், சூரியகாந்திக் குடும்பத்துக்குள்ள ஒரே கிளை. அம்மாவின்ர கண் பிழைக்கேல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விசயம்தான். எங்கட மூக்குத்திப்பூவும் அமெரிக்கக் கண்டத்தில இருந்து வந்ததாம். நான் "ஊர்ப்பூ" எண்டு நெஞ்சுக்குள்ள வைச்சிருந்தது ஊருக்கு வந்து சேர்ந்த பூ.

இதில ஒரு தத்துவம் கண்டுபிடிக்க வேண்டாம் எண்டு கேட்டுக்கொள்ளுறன். எங்கட எழுத்தாளர்மாருக்கு ஒரு பழக்கம் இருக்கு. சீமெந்து வெடிப்பில ஒரு செடி முளைச்சால் உடன "நானும் இப்படித்தான்" எண்டு ஒரு கவிதை வரும். வேர், மண், விதை எண்டு நாலு வரி. நானும் அப்படி யோசிக்காதவன் இல்லை. மொன்பெலியே நகரத்தில நடைபாதை மரத்தடிகளில முளைக்கிற ஒரு மஞ்சள்பூச் செடியைப் பற்றி 2008இல ஒரு ஆய்வு வந்தது. அந்தச் செடிக்கு இரண்டு வகை விதை. ஒண்டு பஞ்சோட பறக்கும், மற்றது பாரமாய்க் காலடியிலயே விழும். நகரத்தில பறக்கிற விதை போய் விழுறது கொங்கிறீற்றில, முளைக்க வழியில்லை. அதால கொஞ்சத் தலைமுறைக்குள்ளயே அந்த நகரத்துச் செடியள் பறக்காத விதையைக் கூடுதலாய் உண்டாக்கத் தொடங்கியிருக்கு. இதை வாசிச்ச இரவு எனக்குள்ள இருக்கிற அரைகுறைக் கவிஞன் எழும்பிக் கதிரையில குந்திட்டான். அமத்திப் படுக்க வைச்சன். ஏனெண்டால் அந்தப் பூவுக்கு என்ர கதை தெரியாது. அதுக்கு விசாவும் இல்லை, வழக்கும் இல்லை. எனக்கு அதில பிடிச்சதே அதுதான். ஒரு நாள் முழுக்க எல்லாரும் "எந்த நாடு, எப்ப வந்தனி, காட் இருக்கோ" எண்டு கேக்கிற இடத்தில, என்னைப் பற்றி ஒண்டுமே கேக்காத ஒரு சாமானைக் குனிஞ்சு பாக்கிறது எவ்வளவு ஆறுதல் தெரியுமோ? அதைத் திருப்பி என்ர கண்ணாடியாக்கினால் அந்த ஆறுதலும் போயிடும்.

சரி, எதிர்க்கதைகளுக்கு வருவம். இந்தப் பூக்கதையை நான் கதைக்கேக்கயெல்லாம் நாலு பதில் வரும்.

முதலாவது: "நேரம் எங்க இருக்கு?" இரண்டு வேலை செய்யிற ஆளுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வராதுதான். ஆனால் இந்தப் பூக்களுக்கெண்டு தனி நேரம் தேவையில்லை. பஸ்சுக்கு நிக்கிற நாலு நிமிசம் காணும். செரிப்பூ பாக்கப் போறதுக்கு ஒருநாள் லீவு வேணும். வாசல்பூவுக்கு லீவு வேண்டாம், ரிக்கெற் வேண்டாம், கமராக் கூட வேண்டாம், போன் காணும். இது காசுக்காரன்ர பொழுதுபோக்கு எண்டு நினைக்கிறவை தலைகீழாய் நினைக்கினம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கடினமானது. போன வருசம் எங்கட கட்டிடத் தொகுதியில ஒரு கூட்டம் நடந்தது. சுவரோரத்தில புல்லும் பூவும் வளருது, வெட்டச் சொல்லுங்கோ, மருந்தடிக்கச் சொல்லுங்கோ எண்டு கனபேர் கையெழுத்து வைச்சிருந்தினம். எங்கட ஒரு தமிழ் அக்கா எழும்பிக் கேட்டா: "பணக்காரர் இருக்கிற இடமெண்டால் இப்படிக் காடு பத்த விடுவாங்களோ? நாங்கள் எண்டபடியாத்தானே விடுறாங்கள்." சபை முழுக்கக் கை தட்டினது. அந்தக் கேள்வியைப் பகிடி பண்ண ஏலாது. லிப்ற் உடைஞ்சு ஒரு மாதமாய்த் திருத்தாமல், குப்பைத்தொட்டி நிரம்பி வழியவிட்ட இடத்தில இருக்கிற சனத்துக்குப் புல்லும் அந்தக் கணக்கிலதான் சேரும்.

நான் சொன்ன பதில் இதுதான். மருந்தடிக்கிறது இந்த நாட்டில சட்டப்படி ஏலாது. பிரான்சில 2017 தை முதலாம் திகதியில இருந்து தெரு, பூங்கா, பொதுப் பசுந்தரைகளில நகரசபைகள் இரசாயனக் களைகொல்லி பாவிக்கத் தடை. 2019இல இருந்து வீட்டுத் தோட்டக்காரருக்கும் தடை. 2022 ஆடியில இருந்து எங்களைப் போல குடியிருப்புத் தொகுதியளுக்கும் தடை. பணக்கார இடத்து நடைபாதையிலயும் இதே பூத்தான் இதே வெடிப்பில நிக்குது. நான் கேற்றரிங் வேலைக்குப் போன இடங்களில கண்ணால கண்டிருக்கிறன். லிப்ற்றுக்காகச் சண்டை பிடிப்பம், குப்பைக்காகச் சண்டை பிடிப்பம், நான் முதல் கையெழுத்து வைக்கிறன். ஆனால் பூவைக் குப்பைக் கணக்கில போட வேண்டாம். கடைசியில வாசலையும் பிள்ளையள் விளையாடுற இடத்தையும் வெட்டுறது, சுவரோரத்தில இரண்டு மீற்றரை ஆடிக் கடைசி வரைக்கும் விடுறது எண்டு முடிவாச்சுது. அந்த அக்கா என்னோட ஒரு மாதம் கதைக்கேல்லை. பிறகு கதைச்சவ.

களை எண்ட சொல்லையே யோசிச்சுப் பாருங்கோ. களைய வேண்டியது எண்டதால களை. அப்பாவின்ர வெங்காயத் தோட்டத்தில நானும் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினவன்தான், அங்க அது பயிரின்ர சாப்பாட்டைப் பறிக்குது, பிடுங்கத்தான் வேணும். ஓபெர்வில்லியே நடைபாதையில அது ஆரின்ர வெங்காயத்தைக் கெடுக்குது?

மூண்டாவது பதில்: "எங்கட ஊர்ப்பூக்களை மறந்துபோட்டு இதென்ன விளையாட்டு?" இதைச் சொல்லுற ஆக்களிட்டை ஊர்ப்பூ பத்துக்குப் பேர் கேட்டுப் பாருங்கோ. மல்லிகை, செவ்வரத்தை, நித்தியகல்யாணி, அதோட நிக்கும். வேலிக்கரைப் பூக்கள் ஒண்டும் வராது. நிலத்துக்கே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எண்டு பூவின்ரயும் மரத்தின்ரயும் பேரை வைச்ச மொழி எங்கட மொழி. குறிஞ்சிப்பாட்டில கபிலர் 99 பூவை வரிசைப்படுத்தினவர் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சம். சோதனைக்கு எண்ணிக்கையைப் பாடமாக்கினம், பூவைப் பாக்கேல்லை. அந்த வரிசைக்குள்ள தும்பை இருக்கு, ஆவிரை இருக்கு, சிறுபூளை இருக்கு. எல்லாம் பாதையோரத்தில நிக்கிறதுகள். அந்த மனுசன் தன்ர நிலத்தில நிண்ட பூவைப் பாத்துத்தான் பாடினவர். ஒரு இடத்தின்ர பூவைப் பேர் சொல்லிப் பாக்கப் பழகின கண்தான் மற்ற இடத்தின்ர பூவையும் ஞாபகம் வைச்சிருக்கும். கலின்சோகாவைப் பாத்தபடியால்தான் எனக்கும் அம்மாவுக்கும் மூக்குத்திப்பூவைப் பற்றிக் கதைக்க ஒரு பின்னேரம் கிடைச்சது.

நாலாவது பதில் இளம் பெடியள் சொல்லுறது: "அதுதான் போனில அப் இருக்கே, படம் காட்டினால் பேர் சொல்லுமே." ஓம், இருக்கு. பிளான்ட்நெட் எண்டு பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து 2013இல வெளியவிட்டது, இலவசம், நானும் பாவிக்கிறன். ஆனால் அது பேரைச் சொல்லி முடிச்ச பிறகுதான் பாக்கிற வேலையே தொடங்குது. மூறோன் எண்டு ஒரு சின்ன வெள்ளைப்பூ இருக்கு, மரத்தடியெல்லாம் பரந்து கிடக்கும். பத்து இதழ் எண்டு எண்ணுவியள். பெருப்பிச்சுப் பாத்தால் அஞ்சுதான், ஒவ்வொண்டும் அடிமட்டும் பிளந்திருக்கு. தண்டில ஒரு பக்கம் மட்டும் ஒரு வரிசையாய் உரோமம். அதை அப் சொல்லாது, நீங்கள்தான் காணவேணும்.

இஞ்ச பொதுச் சனத்தையே இந்த வேலைக்குள்ள இழுக்கிற ஆக்களும் இருக்கினம். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2011இல ஒரு திட்டம் தொடங்கினது, "என்ர தெருவின்ர காட்டுச்செடிகள்" எண்டு பேரைத் தமிழ்ப்படுத்தலாம். சாதாரண ஆக்கள் தங்கட தெருவில ஒரு துண்டைத் தெரிஞ்செடுத்து, அதில முளைச்ச செடியளைக் குறிச்சு அனுப்பினால் அதை ஆராய்ச்சிக்கு எடுக்கினம். துலூஸ் நகரத்தில போறிஸ் பிறெசெக் எண்ட தாவரவியலாளர் நடைபாதையில குந்தியிருந்து ஒவ்வொரு களைக்கும் பக்கத்தில சோக்கட்டியால அதின்ர பேரை எழுதி வைச்சார். போற வாற சனம் நிண்டு வாசிச்சது. பேர் எழுதினால் மிதிக்க யோசிப்பினம்.

இதெல்லாம் ஏன் அவசரம் எண்டும் சொல்லவேணும். 2023 கடைசியில பாரிஸ் பிராந்தியத்தைப் பற்றி ஒரு ஆய்வு வெளிவந்தது. வயல் பான்சி எண்ட சின்னக் காட்டுப்பூ. இருபது முப்பது வருசத்துக்கு முந்திச் சேர்த்துப் பாதுகாத்து வைச்ச விதையையும், 2021இல அதே இடங்களில எடுத்த விதையையும் பக்கத்தில பக்கத்தில முளைக்க விட்டுப் பாத்திருக்கினம். இப்பத்தைய பூ 10 சதவீதம் சின்னன். தேன் 20 சதவீதம் குறைவு. தேனீயளும் முந்தினதைவிடக் குறைவாய்த்தான் அதைத் தேடிப் போகுது. பூச்சிகள் குறைய, பூ தன்ர மகரந்தத்தால தானே கருக்கட்டப் பழகுது. பிறகேன் பெரிய பூவும் தேனும் எண்டு கைவிடுது. அரிய பூ இல்லை, வயல்களில நிக்கிற மிகச் சாதாரணப் பூ. அழிஞ்சு போகேல்லை, பாதுகாக்க வேணுமெண்ட பட்டியலிலயும் இல்லை. எங்கட கண்ணுக்கு முன்னால சின்னனாகிக்கொண்டு போகுது. சாதாரணமானதை ஒருத்தரும் அளக்காட்டி, அது குறையிறது ஒருத்தருக்கும் தெரியவராது.

இன்னொரு விசயம் இருக்கு, எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சனான். என்னோட ஆறு வருசம் ஒரே குசினியில நிண்ட ஒரு அண்ணை. இருபத்தைஞ்சு வருசம் பாரிசில இருந்தவர். மூண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவர். மாரடைப்பில போயிட்டார். செத்தவீட்டில போடுறதுக்கு அவரின்ர நல்ல படம் ஒண்டு வேணுமெண்டு அவரின்ர போனை என்னட்டைத் தந்தினம். பாத்துக்கொண்டு போனன். ஊரில கட்டின வீட்டின்ர படங்கள். அத்திவாரம், மதில், கேற், தண்ணித்தாங்கி, நிலத்துக்குப் போட்ட மாபிள், கேற்றுக்கு அடிச்ச பெயின்ற். நூற்றுக்கணக்கில. ஆரோ ஊரில இருந்து எடுத்து அனுப்பினது. பாரிசில எடுத்த படமெண்டு இரண்டு சாமத்திய வீடும் ஒரு கலியாணமும். அவர் இருபத்தைஞ்சு வருசம் நடந்த தெரு அதுக்குள்ள ஒரு இடத்திலயும் இல்லை. அந்த வீட்டில அவர் ஒரு இரவு கூடப் படுக்கேல்லை.

அவர் வாழ்ந்தது பிழை எண்டு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? கடமையை முடிச்ச மனுசன். ஆனால் அந்தப் போனைத் திருப்பிக் குடுத்திட்டு வரேக்க எனக்கு ஒண்டு விளங்கினது. எங்கட ஆக்கள் கனபேர் இஞ்ச வேலை செய்யினம், அங்க வாழினம். இரண்டு இடத்திலயும் முழுசாய் இல்லை. ஊருக்குப் போகேலாத காலத்தில அது கட்டாயமாய் இருந்தது. இப்ப பழக்கமாய்ப் போச்சு. இருக்கிற இடத்தில இருக்கிறதுக்கு பாஸ்போட் தேவையில்லை, கலாசாரத்தை விடவும் தேவையில்லை. கால் மிதிக்கிற இடத்தில என்ன நிக்குதெண்டு தெரிஞ்சிருக்க வேணும். எனக்கு அது பூவால நடந்தது. உங்களுக்குக் குருவியாய் இருக்கலாம், மரமாய் இருக்கலாம். ஆனால் பூ ஓடாது, பறக்காது. களைச்ச ஆளுக்கு அதுதான் சுகம்.

தொடங்க விரும்புறவைக்கு என்ர அனுபவத்தில நாலு சொல்லு. உச்சி வெய்யிலில எடுக்காதேங்கோ, இதழ் வெளிறிப்போகும். மப்பு நாள்தான் நல்லது, பாரிசில அதுக்குப் பஞ்சமில்லை. நிண்டபடி எடுக்காதேங்கோ, பூவின்ர உயரத்துக்கு இறங்குங்கோ. போன் பூவை விட்டிட்டுப் பின்னால உள்ள சுவரைத் துல்லியமாக்கினால், பூவுக்குப் பின்னால உங்கட உள்ளங்கையை வையுங்கோ, அது கையைப் பிடிக்கும், பூ தெளிவாய் வரும். என்ர படங்கள் கனக்கில பின்னால சூடுபட்ட தழும்போட ஒரு கை இருக்கிறது அதாலதான். பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, பூவின்ர அடிப்பக்கம், முழுச்செடி எண்டு நாலு படம் எடுங்கோ, பேர் கண்டுபிடிக்க அதுதான் உதவும். பிடுங்காதேங்கோ. மணத்தக்காளி, புளியாரை மாதிரித் தெரிஞ்ச செடியளும் இஞ்ச நடைபாதையில நிக்கும், ஆசைப்பட்டுக் கறிக்கு ஆயாதேங்கோ, நாய் மூத்திரமும் வாகனப் புகையும் பட்டது.

பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ர மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிறா, கதைக்கச் சொன்னால் பிரெஞ்சிலதான் வரும். அந்தச் சுவர்க்கொடிக்குத் தமிழில என்ன பேர் எண்டு கேட்டா. இல்லையெண்டன். "அப்ப நாங்கள் வைப்பம்" எண்டு சொல்லி "மதில்மூக்குத்தி" எண்டு வைச்சிட்டா. நல்ல பேராய்த்தான் இருக்கு. அம்மாவுக்கும் பிடிச்சுக்கொண்டுது. இப்ப எங்கட வீட்டில மூண்டு பேருக்குப் புழக்கத்தில உள்ள ஒரு புதுத் தமிழ்ச் சொல் அது.

அதால நான் கேக்கிறது இவ்வளவுதான். இந்தக் கிழமை உங்கட வாசலில இருந்து பஸ் தரிப்பிடம் மட்டும் உள்ள தூரத்தை எடுங்கோ. அதுக்குள்ள அஞ்சு பூவைத் தேடிப் படம் எடுத்து, அஞ்சுக்கும் பேர் கண்டுபிடியுங்கோ. மார்கழிக் குளிரிலயும் மூறோனோ வெள்ளைப் பாக்கறெத்தோ ஒண்டு எங்கயாவது பூத்துக்கொண்டிருக்கும், சாட்டுச் சொல்லேலாது. அடுத்த ஏப்ரலில சோ பூங்காவுக்கும் தாராளமாய்ப் போங்கோ. போகேக்க வாசல்படியில அந்த நீலப்பூவை மிதிக்காமல் போங்கோ. வெறோனிக். நாலு இதழ்.